ஃபோல்டருக்கு வைத்த பெயர்

நான் பைண்டிங் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஒவ்வொரு வேலையோடும் ஒரு சீட்டு வரும். எத்தனை பக்கம், மடிப்பு எங்கே, தையலா பசையா, அட்டைக்குப் பளபளப்புத் தாள் ஒட்ட வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். சீட்டு வந்தால்தான் என் கை ஓடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துத் தெரியும். ஆனால் வயது ஏற ஏற, எறும்பு ஊர்வது போன்ற அந்தப் பொடி எழுத்து கண்ணில் கலங்கத் தொடங்கியது. வெளியே சொல்ல வெட்கம். சீட்டை ஜன்னலோரம் எடுத்துப்போய்த் தூக்கிப் பிடித்துப் படிப்பேன். யாராவது வந்தால் காற்று வாங்க வந்தவள் போல நிற்பேன்.

ஒருநாள் சீட்டு பெரிய எழுத்தில் வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு எல்லாச் சீட்டும் அப்படித்தான். முதலாளி பார்த்துவிட்டு, சீட்டு அடிக்கும் டிசைனர் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"இதென்ன, சீட்டு அடிக்கிறியா, சுவரொட்டி அடிக்கிறியா? காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது?"

"மரத்துலேருந்துதானே சார் வருது."

"வாயைப் பாரு. எதுக்கு இவ்வளவு பெரிசு?"

"எனக்குக் கண்ணு சரியில்ல சார். பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது" என்றாள் டிசைனர்.

ஊசியில் நூல் கோக்க முடியாதபோது நான் கூப்பிடுவது அவளைத்தான். ஒரே முயற்சியில் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்தக் கண்ணில் என்ன குறை இருக்கப் போகிறது? அவளும் இதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. பார்க்க வேண்டியவர் மேலே இருந்து பார்த்திருப்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் அவளை ஈரமில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

அவள் இருந்தது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில். கீழே மிஷின் ஓடும்போது அவள் மேசையிலிருக்கும் தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். என் பைண்டிங் மேசை அந்தக் கதவுக்கு வெளியே. பசைச் சட்டி, மடிப்பை அழுத்தித் தேய்க்கும் எலும்புக் கத்தி, தாள் அடுக்கு எல்லாவற்றோடும் நான் வெளியே. கம்ப்யூட்டர்களோடு அவள் உள்ளே. கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். என்னைவிடச் சின்னவள். நான் தங்கச்சி என்பேன், அவள் அக்கா என்பாள்.

வேலையில் கெட்டிக்காரி. ஆனால் வாய் சும்மா இருக்காது. ஆள் படியேறி வரும் சத்தத்திலேயே பேர் வைத்துவிடுவாள். முதலாளிக்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்று பேர். சம்பள உயர்வோ மின்விசிறி பழுதோ, எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அதைத்தான். மிஷின் ஓட்டும் அண்ணனுக்கு 'இடி'. அவர் மெதுவாகப் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். எனக்கு 'முணுமுணு'. வேலை தொடங்கும் முன் வாய்க்குள்ளே பிரார்த்தனை சொல்லிக்கொள்வேன், அதனால். கோபமெல்லாம் இல்லை. அவள் வாயில் நம் பெயர் வந்தாலே ஏதோ தின்பண்டம் கிடைத்தது போலிருக்கும்.

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் அச்சடிக்க வேண்டியதைப் பென் டிரைவில் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு வைரஸைக் கூட்டி வரும். "சளி பிடிச்ச பிள்ளைங்க மாதிரி அக்கா. ஒண்ணு வந்தா வீட்டுக்கே வந்துடும்" என்பாள். அதற்குத்தான் முதலாளி சந்தா கட்டி, ஃபைல் அனுப்பவும் வாங்கவும் ஒரு சேவை எடுத்தார். ஃபைல் எல்லாம் கிளவுட்டில் இருக்குமாம். கிளவுட் என்றால் மேகமாம்.

"அப்ப மழை பெஞ்சா எல்லாம் கீழ கொட்டிடுமா?" என்றார் இடி அண்ணன்.

"கொட்டினா நீங்க தாளுக்குக் குடை பிடிங்க. ஃபைலை நான் பார்த்துக்கறேன்."

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. நம் கணக்கையெல்லாம் மேலே ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள் நான். மேகத்தில் நாலு லேபிளையும் வைத்தால் என்ன?

வாடிக்கையாளர்கள் பாடுதான் வேடிக்கை. அவள் ஆளுக்கு ஒரு லிங்க் அனுப்புவாள். அதைத் தொட்டால் அவர்களுக்கென்று ஒரு பக்கம் திறக்கும். அனுப்புவதை அதில் போடலாம், நாங்கள் முடித்துக் கொடுப்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தரையில் தாளை வைத்துப் படம் பிடித்து அனுப்பினார். "கால் விரலையும் சேர்த்து அடிச்சுடலாமா சார்?" என்று போனில் கேட்டாள். இன்னொருவர் பில் புத்தகத்தோடு வீட்டுப் பிள்ளைகள் குளிக்கிற படத்தையெல்லாம் சேர்த்து ஏற்றிவிட்டார். அதைப் பார்க்காமலே அழித்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். டைல்ஸ் கடை அம்மா பெரிய கேட்லாக் அனுப்பிவிட்டு, அது ஏறி முடிப்பதற்குள் ஆறேழு தடவை போன் பண்ணுவார். "ஏறிடுச்சா? ஏறிடுச்சா?" அந்த அம்மாவுக்கு 'ஏறிடுச்சா' என்றே பேர் நின்றுவிட்டது. ஒரு வக்கீல் குமாஸ்தா ஃபைலை அனுப்பிவிட்டு அது சேர்ந்ததா என்று பார்க்க நேரிலும் வருவார்.

"வந்துச்சாம்மா?"

"அது அப்பவே வந்துடுச்சு சார். அது பறந்து வருது, நீங்க பஸ்ல வர்றீங்க."

அவரே சிரித்துவிடுவார். லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும், ஆறப் போட்டுவிட்டு வந்து கத்துகிறவர்கள் உண்டு. அவர்களையும் சமாதானப்படுத்தி அனுப்புவாள்.

ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்கு அவள் வைப்பது கம்பெனிப் பெயர் இல்லை, தான் வைத்த பட்டப்பெயர்.

"என்ன தங்கச்சி இது, பட்டப்பேர் எல்லாம் எழுதி வெச்சிருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பெனிங்க பேர் எல்லாம் ஒரே மாதிரி இருக்குக்கா. எல்லாரும் நியூ, ஸ்டார், ராயல். மாத்தி அனுப்பிட்டா வம்பு. ஆளை நினைச்சாதான் எனக்கு ஃபைல் ஞாபகம் வருது. என் அடுப்படியில நான் எந்த டப்பாவுக்கு என்ன பேர் வெச்சா யாருக்கு என்ன?"

அடுப்படி என்றே நினைத்திருந்தாள். வெளியாள் நுழையாத இடம்.

சோப்புக்காரர் வருவது அந்த நாட்களில்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் சோப்பு செய்பவர். ஒல்லி ஆள். உள்ளே வரும்போதே கையில் ஒரு சோப்பு இருக்கும், வாயில் சிரிப்பு இருக்கும். "மோந்து பாருங்கம்மா. இந்தத் தடவை பாருங்க, எப்படிப் போகுதுன்னு." ஒவ்வொரு தடவையும் புது வாசனை, புது லேபிள். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கொஞ்சமாகத்தான் அடிக்கச் சொல்வார். அவளும் அவரும் நின்று அரட்டை அடிப்பார்கள். தன் சோப்பைத் தானே கேலி செய்வார். "நுரை வரலைன்னு ஒருத்தர் திருப்பிக் குடுத்துட்டார்மா. நுரையா தின்னப் போறார்?" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் அவர் படியிறங்கிப் போனதும், இடி அண்ணன் லேபிள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இவர் கப்பல் கரை சேராது போலிருக்கே" என்றார்.

"கரையா? தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சுண்ணே" என்றாள். சொன்ன கையோடு ஃபோல்டருக்குப் பெயரும் மாற்றினாள். மூழ்கும் கப்பல். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நாளில் சோப்புக்காரர் ஓட்டமாக வந்தார். பல கிளைகள் இருக்கும் ஒரு பெரிய கடையிலிருந்து கொள்முதல் மேனேஜர் பட்டறையைப் பார்க்க வருகிறாராம். பிடித்துவிட்டால் எல்லாக் கிளைக்கும் இவர் சோப்புத்தான்.

"இது கிடைச்சா பட்டறை நிக்கும்மா. இல்லேன்னா மூடிட்டு எவன்கிட்டயாவது கைகட்டி நிக்க வேண்டியதுதான். லேபிளை மட்டும் ராசியான கையால பண்ணிக் குடுங்க."

சாப்பிடக்கூட எழுந்து போகாமல் அவள் அதைச் செய்தாள். இளம்பச்சையில் ஒரு இலை, ஒரு சொட்டுத் தண்ணீர். அவள் செய்த லேபிள்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். முடித்து, மேகத்தில் ஏற்றி, லிங்கை அனுப்பிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "அக்கா, உங்க பிரார்த்தனையில இவரையும் சேர்த்துக்குங்க" என்றாள். சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் முன்மதியம், ஒரு பெண் படியேறி வந்தார். கையில் போன். கண்ணாடிக் கதவைத் தள்ளவில்லை, பாதி திறந்திருந்த இடத்தில் அப்படியே நின்றார்.

"இங்க பேர் வைக்கிறது யாரும்மா?"

"உக்காருங்கம்மா. என்ன பேரு? கடைப் பேரா?" என்றாள் டிசைனர், சிரித்தபடி.

"எங்களுக்குத்தான் வெச்சுட்டீங்களே. இனிமே என்ன பாக்கி? என் வீட்டுக்காரருக்கு வெச்ச மாதிரி எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடுத்தா, ரேஷன் கார்டுல எழுதிக்குவேன்."

போனைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பச்சை லேபிள் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, தலைப்பு மாதிரி, தடித்த எழுத்தில் 'மூழ்கும் கப்பல்' என்றிருந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பெரிய எழுத்து.

டிசைனரின் முகத்தில் ரத்தமே இல்லை. "அது... அது எங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தானே..." என்றாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல மட்டுமா? அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரா நீட்டினார்மா என் வீட்டுக்காரர். 'லேபிளைப் பாருங்க சார், புதுசு சார்'னு. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிச்சார். சத்தமா படிச்சார். 'என்ன சார், உங்க பிரஸ்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கு'ன்னு சிரிச்சார். அப்புறம் பட்டறையைச் சுத்தி ஒரு நடை. 'சொல்லி அனுப்பறேன்'னார். போய்ட்டார்."

கீழே மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பட்டறை வாசல்ல நின்னு கேட்டேன். அவர் என்கிட்ட வாயைத் திறந்து சொல்லக்கூட இல்ல. நானா போனை எடுத்துப் பார்த்தேன். கேட்டா, 'விடு, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு'ங்கறார். நல்ல பொண்ணாம்!" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா திரும்பினார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். முழங்கால் வலி போலிருக்கிறது.

டிசைனர் வெளியே வந்து, "அக்கா, உங்க போனைக் குடுங்க" என்றாள். தன் கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பித் திறந்தாள். 'ஏறிடுச்சா' என்று தலைப்பு வந்தது. இன்னொன்றைத் திறந்தாள். 'பஸ்ல வர்றவர்.' இன்னொன்று. 'ஒரே ஒரு சின்ன மாற்றம்.' சேவை எடுத்த நாளிலிருந்து இப்படித்தான் போயிருக்கிறது. தையற்காரர் தான் தைத்த சட்டையைத் தானே போட்டுப் பார்ப்பதில்லை. அவளும் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"எல்லாரும் பார்த்திருக்காங்கக்கா" என்றாள். "ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல."

முதலாளி வந்து கத்தினார். ஆனால் அவர் கத்தலில் காரம் இல்லை. அந்தப் பெயர்களுக்கு அவரும் சிரித்தவர்தான். "எல்லாத்தையும் மாத்து. உடனே மாத்து" என்றார். அவள் ஒவ்வொன்றாக அழித்து, வாடிக்கையாளர் கொடுத்த கம்பெனிப் பெயரையே எழுதினாள். பேரை அழித்தாள், சரி. பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எப்படி அழிப்பாள்?

அன்று மாலை டியூஷன் சென்டர்காரர் நோட்டீஸ் வாங்க வந்தார். 'ஒரே ஒரு சின்ன மாற்றம்' என்பவர் அவர்தான். அச்சுக்குப் போகும் நேரத்தில் போன் பண்ணி அப்படிச் சொல்லி, ஒரு பக்கத்தையே மாற்றுவார். யோசித்துப் பார்த்தால், அவர் அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. எல்லாவற்றையும் நாலு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"சார்" என்று அவள் எழுந்து நின்றாள். "ஃபோல்டர் மேல ஒரு பேரு இருந்துச்சே. பார்த்தீங்களா?"

"ஓ, அதுவா? எப்பவோ பார்த்தேனே."

"ஏன் சார் சொல்லல?"

அவர் நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்மா."

அவர் போன பிறகு அவள் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு வாய் பேசியிருப்பாள். இதற்கு என்ன பேசுவது? அதன் பிறகு யோசித்தோம்: டைல்ஸ் கடை அம்மா வேறு அச்சகத்துக்குப் போனது ஏன், குமாஸ்தா நேரில் வருவதை நிறுத்தியது ஏன் என்று. காரணம் அதுதானா, வேறு ஏதாவதா, நமக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு எல்லாம் அதுவாகத்தான் தோன்றியது. எங்கே தொட்டாலும் ஒரு முள்.

மறுநாள், "அக்கா, என்கூட வருவீங்களா? தனியா போக எனக்குக் கால் வராது" என்றாள்.

சோப்புப் பட்டறைக்குள் நுழைந்ததும் எண்ணெயும் காரமும் கலந்த ஒரு நெடி. மர அச்சுகளில் சோப்பு இறுகிக்கொண்டிருந்தது. ஒரு பலகை மேல், கம்பி கட்டிய சட்டத்தால் சோப்புக்காரர் கட்டிகளை அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க வாங்க" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். அந்த அம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கப்பலைப் பார்க்க வந்திருக்காங்களா? டிக்கெட் வாங்கிட்டாங்களான்னு கேளுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

டிசைனர் உட்காரவில்லை. "சார், நான் பண்ணினது தப்பு" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு வார்த்தை கிடைக்காமல் நான் பார்த்தது அன்றுதான்.

"அட, விடுங்கம்மா. பேர்தானே" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். "நானே என் சோப்பை எத்தனை கேலி பண்ணியிருக்கேன். அதையெல்லாம் கேட்டுட்டுத்தானே நீங்களும்... நான்தான் அந்த மாதிரி பேச விட்டுட்டேன்."

"இல்ல சார். நீங்க கேலி பண்ணினது சோப்பை. நான் பண்ணினது உங்களை."

அவர் அறுத்த கட்டிகளை வரிசையாக அடுக்கினார். ஒன்று சாய்ந்தது, அதை நிமிர்த்தி வைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் பிறகு. "நான் லேபிள் அடிக்க மட்டும் அங்க வரலம்மா. வீட்டுல எப்பவும் கணக்கு, புலம்பல். கடைக்காரங்க முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. உங்க பிரஸ்ல வந்து நின்னா, கொஞ்ச நேரம் சிரிச்சுட்டுப் போகலாம். அதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் அவளைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆழமாக இறங்கியது.

"நான் அந்த மேனேஜரைப் பார்த்துப் பேசறேன் சார்."

"வேணாம்மா."

"பேசறேன் சார்."

பேசத்தான் போனோம். பெரிய கடையின் பின்பக்கம், சரக்கு இறக்கும் வாசல் வழியாக ஒரு அறை. மேனேஜர் மேசை முழுக்கப் பற்பசை, பிஸ்கெட், ஷாம்பு என்று மாதிரிப் பொட்டலங்கள். அவர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார், எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயரை வைத்தது தான், அது அடையாளத்துக்கு வைத்த விளையாட்டுப் பெயர், அதற்கும் அவருடைய தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை, லேபிளில் தப்பு இல்லை, சோப்பில் தப்பு இல்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று. சொல்லும்போது கையிலிருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, பேரைப் பார்த்துட்டு நான் வேணாம்னு சொல்லல. எங்க ஆபீஸ்லயே எனக்கு ஒரு பேர் இருக்கு, அதையெல்லாம் நான் கண்டுக்கறதில்ல. நான் படிச்சதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். 'இது யாரோ வெளையாட்டுக்கு வெச்சது சார்'னு அவர் சிரிச்சிருந்தா விஷயமே வேற. அவர் சிரிக்கல. யாரோ தன் வீட்டு ரகசியத்தை ஊருக்குச் சொல்லிட்ட மாதிரி நின்னார். அப்பதான் தெரிஞ்சுது, அது உண்மைன்னு. நாளைக்கு என் கிளைங்களுக்குச் சரக்கு வராம நின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

வெளியே வந்தோம். லாரியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

"அவர் முகமே காட்டிக் குடுத்துடுச்சுன்னு சொல்றார்க்கா" என்றாள். "அந்த முகத்துக்கு எழுதிக் குடுத்தது நான்."

"கடவுள் உன் மனசைப் பார்ப்பார் தங்கச்சி. நீ கெட்ட எண்ணத்துல பண்ணல."

"அவர் பார்ப்பார்க்கா. அவருக்கு என்ன, எல்லாத்தையும் பார்த்துட்டுச் சும்மா இருப்பார், டியூஷன் சார் மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் வரவில்லை. அன்று ராத்திரி படுக்கும் முன் அவளுக்காகவும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

மேனேஜர் சொன்னதை அவள் சோப்புக்காரரிடம் சொல்லவில்லை. "பார்த்தேன் சார், ஆகல" என்று மட்டும் போனில் சொன்னாள். அவர், "பரவாயில்லம்மா, அலைஞ்சீங்களே" என்றாராம். பட்டறையை மூடினார். ஊருக்கு வெளியே ஒரு பெரிய சோப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார் என்று குமாஸ்தா போனில் சொல்லித் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் மாடியே மாறிவிட்டது. யாருக்கும் அவள் பேர் வைக்கவில்லை. ஏற்கெனவே வைத்ததையும் விட்டுவிட்டாள். இடி அண்ணனைப் பெரியண்ணன் என்றாள், முதலாளியை முதலாளி என்றாள். ஒரு லிங்கை அனுப்புவதற்கு முன், என் போனுக்கு அனுப்பித் திறந்து பார்ப்பாள். என் போன் நாள் பூரா கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருக்கும். யாருடைய லேபிளோ, யாருடைய பத்திரிகையோ, எல்லாம் முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் போகும். வாடிக்கையாளர்கள் வந்தால் சுருக்கமாகப் பேசுவாள். "இங்க முன்ன மாதிரி இல்லையே, என்னாச்சு?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். "வேலை ஜாஸ்தி" என்பேன். அதில் பொய் இல்லை.

இடி அண்ணன் ஒருமுறை அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு வெச்ச பேரைத் திருப்பி எடுத்துக்கிட்டியே, இப்ப வீட்டுல எனக்கு மரியாதையே இல்ல." அவள் சிரித்தாள். உதடு மட்டும்.

ஒருநாள் சோப்புக்காரர் வந்தார். பழைய லேபிள் கொஞ்சம் எங்களிடம் மிச்சம் கிடந்தது. வீணாகப் போக வேண்டாமே என்று அதை வாங்கிக்கொண்டு போக வந்தாராம். படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அறையின் மூலையில், கூரைவரை அடுக்கியிருந்த தாள் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் பாதி வரைந்தபடி கிடந்தது.

அவர் என் மேசைக்கு வந்தார். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார், பையில் கம்பெனிச் சின்னம். லேபிள் கட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு பக்கம் பார்த்தார்.

"அவங்க லீவாம்மா?"

எனக்குப் பொய் வராது. "உள்ளதான் இருக்காங்க" என்றேன்.

காலி நாற்காலியைப் பார்த்தார், தாள் கட்டுகளைப் பார்த்தார். தாள் கட்டுகளின் ஓரத்தில் ஒரு செருப்பின் நுனி தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். லேபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார். வரும்போது கேட்ட அந்தக் காலடி, போகும்போது கேட்கவில்லை. அவள் வெளியே வர வெகு நேரமாயிற்று. அவர் போய்விட்டார் என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவள் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதுதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னாள். முதலாளி முதல் தடவையாக 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லாமல், இருக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. தன் இடத்துக்குப் புதிதாக வந்த ஆளுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்: இவருக்கு நிறம் அடர்த்தியாக வேண்டும், இவருக்கு ஓரம் அதிகம் விட வேண்டும், இவர் லிங்கைத் திறக்க மறந்துவிடுவார், இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டும். யாரையும் பற்றி ஒரு கேலி இல்லை.

கடைசி நாள் நான் பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். ஒரு பையை நான் தூக்கிக்கொண்டேன். வழியில் ஏதேதோ பேசினோம்: புது வீட்டில் தண்ணீர் எப்படி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கமா என்று. சோப்புக்காரரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பஸ் வந்தது. ஏறினாள். பையை வாங்கிக்கொண்டாள். "போறேன்னு சொல்லாதே, போய்ட்டு வரேன்னு சொல்லு" என்றேன். அதைச் சொல்லாமல், கம்பியைப் பிடித்தபடி குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அக்கா, அவரை எங்கயாவது பார்த்தீங்கன்னா, எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."